பவளத்துக்கு வந்த புள்ளி

என் மகன் ராணுவத்துக்குப் புறப்பட்டபோது என்னிடம் இரண்டு பொருள்களை ஒப்படைத்துவிட்டுப் போனான். ஒன்று, ஒரு மூட்டை அழுக்குத் துணி. இன்னொன்று, எங்கள் கூடத்தில் நாலடி நீளத்துக்கு நிற்கிற கடல்நீர்த் தொட்டி. துணியை அன்று சாயங்காலமே துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். தொட்டி விவகாரம்தான் என்னைப் படாதபாடு படுத்திவிட்டது.

நாங்கள் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். இங்கே பையன்களுக்குப் பதினெட்டு வயதானால் இரண்டு வருஷம் தேசிய சேவைக்குப் போயே ஆகவேண்டும். இவன் 2023 ஜனவரியில் போனான். சனி, ஞாயிறில் வீட்டுக்கு வருவான். வந்ததும் "அம்மா" என்று கூப்பிடுவதற்கு முன்னால் தொட்டியின் முன் போய் உட்கார்ந்துவிடுவான். பெற்றவளுக்கு இரண்டாமிடம்தான்!

அந்தத் தொட்டியில் மீன் ஆறோ ஏழோதான். மற்றதெல்லாம் பவளம். நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. எங்கள் பக்கம் அதற்கு முருகைக்கல் என்று பெயர். என் சின்ன வயதில் அதைக் கடலிலிருந்து வெட்டி எடுத்துவந்து காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவார்கள். ஆகவே பவளம் என்றால் கல் என்றுதான் எனக்குப் புத்தியில் பதிந்திருந்தது. என் மகன்தான் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, "நல்லாப் பாருங்கம்மா" என்றான். கொம்பு கொம்பாக நிற்கிற கல்லின் மேலே மெல்லிய தோல். அந்தத் தோல் முழுவதும் கடுகளவு வாய்கள். ஒவ்வொரு வாயைச் சுற்றியும் குட்டிக் குட்டி விரல்கள். கல் என்பது அதன் எலும்பு; தோல்தான் உயிர். அந்தத் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். வெளிச்சத்தை வாங்கிச் சமைத்துப் பவளத்துக்குப் போடுகிறது. குடியிருக்கிறவன் வாடகைக்குப் பதில் சாப்பாடு போடுகிற வீடு!

(தமிழ்நாட்டில் இதைப் படிக்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கடின பவளங்களை 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இங்கே கடையில் தொட்டியிலேயே வளர்த்து ஒடித்து விற்கிற துண்டுகளும் கிடைக்கின்றன.)

அவன் எனக்காக ஒரு நோட்டுப் புத்தகம் எழுதிவைத்திருந்தான். தண்ணீர் 26 டிகிரி. உப்பு அளவு 1.025. காரத்தன்மை 8. ஆவியாகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. ரசம் வற்றினால் உப்புக் கரிக்கும், அப்போது யாராவது இன்னும் உப்பைப் போடுவார்களா? பச்சைத் தண்ணீரைத்தானே விடுவோம்.

ஜூலையில் அவனுக்குப் பிறந்தநாள் வந்தது. திடீரென்று கொடுத்து அசத்தலாம் என்று, அவன் வழக்கமாகப் போகிற கடைக்கு நானே போய், நீல நுனி வைத்த ஒரு மான்கொம்புப் பவளத் துண்டு வாங்கினேன். சுண்டுவிரல் அளவுதான், ஆனால் ஒரு நல்ல புடவை விலை. கடைக்கார அங்கிள் சீனர், வயதானவர். "புதுத் துண்டைத் தொட்டியில் விடுமுன் மருந்துத் தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி எடு. அடிக்கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டு" என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்தால் அடுப்பில் வேலை, வாசலில் கேஸ்காரர், மாமியாருக்கு மாத்திரை நேரம். இவ்வளவு அழகான பொருளில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது என்று அப்படியே தொட்டியில் நட்டுவிட்டேன்.

அந்த வாரம் மகன் வந்து பார்த்துக் குதித்தான். பிறகு, "டிப் பண்ணீங்களாம்மா?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் பொய் சொன்னால் நாம் என்ன பாடு படுத்துகிறோம்!

அக்டோபரில் அவனை ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஷோல்வாட்டர் விரிகுடாப் பக்கம் பெரிய பயிற்சி நிலம் இருக்கிறது. 1990 முதல் சிங்கப்பூர் ராணுவம் அங்கே போய்வருகிறது. நாலு வாரம். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் போன் செய்வேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன நாலாம் நாள் அந்தப் புள்ளிகளைப் பார்த்தேன்.

தொட்டியின் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு மான்கொம்புப் பவளம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விடுமுறையில் வேலை பார்த்த காசில் அவன் வாங்கிய முதல் பவளம் அது. விரல் நீளத்தில் வந்தது கைக்குட்டை அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. அதன் அடிப்பக்கத்தில், நிழல் விழுகிற இடத்தில், கடுகு தெளித்த மாதிரி வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிள்ளைக்கு அம்மை போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அலமாரியைத் திறந்தேன். மருந்து பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் 'வெள்ளைப் புள்ளிக்கு' என்று போட்டிருந்தது. அப்பாடா என்று எடுத்து மூடியைத் திருகினேன். கண்ணாடி போடாததால் சின்ன எழுத்து தெரியவில்லை. எட்டாவது படிக்கிற என் மகளைக் கூப்பிட்டு, எத்தனை சொட்டு என்று பார்க்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, "அம்மா, இது மீனுக்கு. இன்வெர்டிப்ரேட் இருக்கற தொட்டியில ஊத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு. முதுகெலும்பு இல்லாததுன்னா பவளமும்தானே?" என்றாள்.

பாட்டில் என் கையில் நடுங்கியது. அது செம்பு கலந்த மருந்து. மீன் உடம்பில் உப்பைத் தூவியது போல வருகிற வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. அதை இந்தச் செம்பு கொல்லும். அதோடு பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். கல்லில் ஊறிவிட்டால் பிறகு நீக்குவதும் லேசில்லை. மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பெயர் ஒன்றுதான், வெள்ளைப் புள்ளி. ஆனால் மீனுக்கு வந்தது தோலின்மேல் ஏறி உட்கார்ந்த பூச்சி. பவளத்தில் நான் பார்த்தது தோலே போய் எலும்பு தெரிகிற இடம்.

பாட்டிலை மூடிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். சூடு சரியாக இருந்தது. உப்பு சரி. காரத்தன்மை சோதித்தேன், 8-க்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். தண்ணீர் சுட்டால் பவளம் முழுவதுமே வெளுக்கும் என்று மகன் எழுதியிருந்தான். உள்ளே குடியிருக்கிற பாசி வெளியேறிவிடுவதால் வருகிற வெளுப்பு அது. வெளிச்சம் அதிகமானால் மேல்பக்கம் வெளுக்கும். காரத்தன்மை திடீரென்று ஏறினால் நுனிகள் கருகும். இன்னொரு வியாதியில் அடியிலிருந்து தோல் உரிந்துகொண்டே மேலே போகும். இங்கே நுனிகள் ஜோராக இருந்தன. மேல்பக்கம் பச்சைப் பசேல். வட்டப் புள்ளிகள் மட்டும், அதுவும் நிழலில் மட்டும்.

மகள் ஒரு யோசனை சொன்னாள். தினமும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்துப் பார்க்கலாம் என்று. நல்ல யோசனை. மூன்றாம் நாள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழைய புள்ளிகள் பெரிதாகவில்லை. அவற்றில் லேசாகப் பாசி பிடித்துப் பழுப்பாகியிருந்தது. ஆனால் வேறு கிளையில் புதிதாக ஏழெட்டுப் புள்ளிகள், எல்லாம் ஒரே அளவு.

பிள்ளை வளர்த்தவர்களுக்குப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லித்தரவேண்டியதில்லை. வேர்க்குரு கழுத்து மடிப்பில் கூட்டமாக வரும். கொசு, சட்டை மூடாத இடத்தில் கடிக்கும். ஊரில் எங்கள் ஆச்சி வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் தூங்கி எழுந்தால் முதுகில் வரிசையாகத் தடிப்புகள் இருக்கும். "இது வியாதி இல்லை, மூட்டைப்பூச்சி" என்று ஆச்சி கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போடுவாள். பூச்சியை மெத்தையில் தேடமாட்டாள். கால்களின் பொருத்து, கயிற்று முடிச்சு, மரத்தின் இடுக்கு, அங்கேதான் தேடுவாள். முட்டை அங்கேதான் இருக்கும்.

போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. ஒரே அளவில், ஒளிவான இடத்தில், தினம் ஓர் இடமாகப் புள்ளி வருகிறது. இது உள்ளிருந்து வருகிற வியாதி இல்லை. ஏதோ கடிக்கிறது!

ரப்பர் குமிழ் வைத்த குழாய் ஒன்று தொட்டிக்கென்றே இருக்கிறது. அதில் தண்ணீரை நிரப்பி, புள்ளிகள் இருந்த கிளையில் ஓங்கிப் பீச்சினேன். வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு சுழன்றது. என்னவென்று பார்ப்பதற்குள், உடம்பில் ஆறு கோடு போட்ட மீன் ஒன்று பாய்ந்து விழுங்கிவிட்டது. இன்னொரு தடவை பீச்சினேன். இந்தத் தடவை மகள் தயாராக வலையைப் பிடித்தாள். நகத்தில் பாதி அளவு, கண்ணாடி போன்ற உடம்பு, அதில் பவளத்தின் அதே பச்சை நிறம். பவளத்தைத் தின்று அந்தச் சாயத்தையே பூசிக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறது, திருட்டுப் பயல்! இதை வெறும் கண்ணால் யார் கண்டுபிடிப்பது?

பிறகு ஆச்சி செய்தது போல அடியில் தேடினேன். டார்ச் அடித்து, பவளத்தின் தோல் முடிந்து வெற்று எலும்பு தொடங்குகிற ஓரத்தைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் கசகசா ஒட்டியது போல முட்டைகள். பச்சைப் பவளத்தில் மூன்று இடம், ஊதாவில் ஓர் இடம். கடைசியாக, என் பிறந்தநாள் பரிசின் அடிக்கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதில்தான் கட்டை முழுவதும் அப்பியிருந்தது. பாதி பொரிந்து காலி ஓடு.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் போட்டோவும் வலையில் பிடித்த புழுவுமாகக் கடைக்கு ஓடினேன். அங்கிள் பார்த்த மாத்திரத்தில், "தட்டைப்புழு" என்றார். மான்கொம்புப் பவளத்தை மட்டுமே தின்கிற ஜாதி. வீட்டுத் தொட்டிக்காரர்கள் பல வருஷமாகவே இதனிடம் அவதிப்பட்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் முறையாகப் பெயர் வைத்தது 2011-ல்தான். அதற்கப்புறம் ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டில், லிசர்ட் தீவுப் பக்கம், இயற்கையிலும் இதைக் கண்டுபிடித்தார்களாம். என் மகன் பயிற்சி செய்துகொண்டிருந்த அதே குவீன்ஸ்லாந்துக் கரையில்!

மருந்துத் தண்ணீரில் முக்கினால் புழு கழன்று விழும், முட்டை சாகாது என்றார் அங்கிள். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் சில நாள் கூட ஆகும். ஆகவே வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் முக்கவேண்டும், முட்டை ஒட்டிய அடிப்பாகத்தை ஒடித்து எறியவேண்டும். "அந்தப் பெரிய பச்சைப் பவளம் கல்லோடு ஒட்டிப் படர்ந்துவிட்டது, எப்படி எடுப்பது?" என்று கேட்டேன். "உடைத்துத்தான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன் மகனிடம் கேட்டுவிட்டுச் செய்" என்றார்.

அந்த ஞாயிறு வரையில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இடையில் அவன் வாட்ஸ்அப்பில், "தொட்டி எப்படி இருக்கு? போட்டோ அனுப்புங்க" என்று கேட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல பக்கமாகப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் வந்தது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. என் கணவர், "ஒரு பூச்சிக்கா இவ்வளவு?" என்றார். பூச்சிக்கு இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஞாயிறு போன் வந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "தம்பி, ஜூலையில நான் டிப் பண்ணலை. பண்ணேன்னு பொய் சொன்னேன். அதுலதான் புழு வந்திருக்கு. உன் பச்சைப் பவளம் கடிபட்டுக் கெடக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

"முட்டை எத்தனை இடத்துல இருக்கும்மா?"

சொன்னேன்.

"சரி. பச்சையை உடைங்க. தோல் நல்லா இருக்கற கிளையா பாத்து, கடிக்கு மேல ரெண்டு விரல் விட்டு வெட்டுங்க. அடியை வெச்சிக்காதீங்க. பாவம் பாத்து வெச்சிக்கிட்டீங்கன்னா மறுபடி வரும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க தனியாப் பண்ணாதீங்க, பாப்பாவைக் கூட வெச்சிக்கோங்க" என்றான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எலும்பு வெட்டுகிற கத்தரி மாதிரி ஒன்று அவனிடம் இருந்தது. முதல் கிளையை வெட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்ததே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. மொத்தம் ஏழு மான்கொம்புப் பவளங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் மருந்து கலந்து, பத்து நிமிஷம் ஒவ்வொன்றாக முக்கி, குழாயால் பீச்சினோம். வாளியின் அடியில் விழுந்த புழுக்களை மகள் எண்ணினாள். நாற்பத்தொன்று. அப்புறம் வேறு வாளித் தண்ணீரில் அலசி, சூப்பர் குளூ பசையால் புதுக் கட்டையில் ஒட்டினோம். அந்தப் பசை தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது, அதிசயம்தான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் எல்லாம் செய்தோம். வாளியும் குழாயும் தொட்டிக்கென்றே தனி. சமையலறைப் பாத்திரம் ஒன்றையும் தொடவில்லை.

முட்டை ஒட்டியிருந்த அடிக்கல்லை என்ன செய்வது என்று விழித்தபோது, என் மாமியார், "கொதிக்கிற தண்ணியில போட்டு எடேன், எல்லாம் செத்துப்போகும்" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. பால்புட்டியிலிருந்து இட்லித் துணிவரை நாம் கொதிக்கவைத்துத்தானே பழக்கம்? நல்லவேளை, அங்கிளுக்கு ஒரு போன் போட்டேன். அவர் கத்தியே விட்டார். அந்தக் கல்லில் பொத்தான் பொத்தானாக வேறொரு ஜாதிப் பவளம் ஒட்டியிருந்தது. அந்த ஜாதியில் சிலவற்றில் பாலிடாக்சின் என்று கொடிய விஷம் இருக்கிறது. கொதிக்கவைத்தால் ஆவியோடு மூச்சில் ஏறிவிடும். வெந்நீர்கூட வேண்டாம், உரசித் தேய்த்தாலே ஆபத்துதான். 2018-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது இந்த விஷம் தாக்கி, குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. கல்லை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். கடல்நீர்த் தொட்டி இருக்கிற வீட்டில் வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் வாரம் முக்கியபோது பதினொரு புழு விழுந்தது. மூன்றாம் வாரம் நாலு. நாலாம் வாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் விடவில்லை. மகன் திரும்பி வந்து மிச்ச இரண்டு வாரத்தை அவனே செய்தான்.

ஊதாப் பவளம் தேறவில்லை. இன்னொன்றும் போய்விட்டது. என் பரிசு மட்டும், அடியை வெட்டியபின் ஒன்றுமே நடக்காதது போல நுனி நீலமாக நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். கைக்குட்டை அகலம் இருந்த பச்சைப் பவளத்தில் மிஞ்சியது மூன்று விரல் நீளத் துண்டுகள்.

அவன் வந்த அன்று பூட்ஸைக் கழற்றியபோது குதிகாலைப் பார்த்தேன். இரண்டிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து, ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"இது எப்போ?"

"ரெண்டாவது வாரம்."

"போன்ல கேட்டதுக்கு நல்லா இருக்கேன்னு சொன்னியே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் வாளியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்துவந்து அவன் காலைக் கழுவி மருந்து போட்டேன்.

இப்போது அந்த மூன்று துண்டுகளும் தனித்தனியாகக் கிளை விட்டிருக்கின்றன. ஒன்றை அவன் நண்பனுக்குக் கொடுத்தான், முக்கி எடுத்துத்தான்! என் பொய்யைப் பற்றி அவன் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தேக்கா சந்தையிலிருந்து முருங்கைக்கீரையும் தண்டுக்கீரையுமாக நான் வீட்டுக்குள் நுழைகிறபோதெல்லாம் சோபாவில் படுத்தபடியே ஒரு குரல் வரும்:

"அம்மா, டிப் பண்ணீங்களா?"